சான்று எங்கே?

தோழனே!

திருச்சுழிச் சீமையிலே மானாவாரி உழவு செய்து பிழைப்பவனை நீ அறிவாய். நீயே அவனாக இருக்கவுங்கூடும். ஐப்பசி மழையை நம்பிக் கரிசலிலே விதைத்தான். மழை இரண்டு நாள் பெய்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. பருத்தி முழங்கால் உயரத்திலே கருகிற்று. உளுந்து பூவோடு உதிர்ந்தது. நிலம் வெடித்துக் கிடக்கிறது. வழிப்போக்கன் கண்ணுக்கும் அது தெரிகிறது. எனினும், வறட்சி நிவாரணம் கேட்டு அவன் அலுவலகப் படியேறும்போது எதிர்கொள்ளும் முதற்கேள்வி என்ன? ‘அடங்கல் எங்கே?’ என்பதுதான். சொந்த நிலத்துக்காரன் எப்படியோ தேடிக் கொண்டுவந்து கொடுத்திடுவான். வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவன் என்ன செய்வான்? அவன் உழுதது உண்மை, விதைத்தது உண்மை, விளைச்சல் பொய்த்தது ஊரறிந்த உண்மை. ஆனால் ஏட்டிலே அவன் பெயர் இல்லை. ஏட்டிலே இல்லாத காரணத்தால் அவன் உழவனே அல்லன் என்றாகிவிடுகிறது!

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்துக்கொண்ட பொருள், இதனினும் விந்தையானதோர் அடங்கலைப் பற்றியது. நிலத்துக்கல்ல, நெஞ்சத்துக்கு அடங்கல் கேட்கிறார்கள், தோழனே!

ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், பிறந்தபோது பிறர் எழுதிய பாலினை ஏற்காது தன் பாலைத் தானே உணர்ந்தவர் ஆகியோரையெல்லாம் சேர்த்துப் பால்புதுமையினர் என்று இன்று தமிழிலே எழுதுகிறோம். உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலே ஒத்த பாலரின் காதல் குற்றம். ஈரான் போன்ற நாடுகளிலே அதற்குத் தூக்குக் கயிறும் உண்டு. கயிற்றுக்கும் கல்லடிக்கும் சிறைக்கும் தப்பி, கடல் கடந்து, வேற்று நாட்டு வாயிலிலே நின்று, ‘புகலிடம் தாருங்கள்’ என்று கேட்பவர் பலர். அவர்களிடம் அந்த நாட்டு அதிகாரி கேட்கிறான்: ‘நீ அப்படிப்பட்டவன்தான் என்பதற்குச் சான்று எங்கே?’

இந்தக் கேள்விக்கு ஆளானவர்கள் பட்ட பாட்டைக் கேட்டறிந்து எழுதுவதை, இன்று மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பலர் தம் முனைவர் பட்ட ஆய்வாகவே மேற்கொண்டிருக்கின்றனர். 2016 முதல் 2020 வரை இங்கிலாந்தின் சசெக்சு பல்கலைக்கழகத்திலே, நுனோ பெரெய்ரா என்ற சட்டப் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் பொருளுதவியோடு ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் இதனை ஆராய்ந்தது. பட்ட ஆய்வு மாணவர்களும் அக்குழுவிலே இருந்தனர். இத்தகைய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. வழக்குத் தோற்பது பெரும்பாலும் சட்டத்தின் குறையால் அன்று. ‘நீ சொல்வது நம்பத்தக்கதாக இல்லை’ என்ற ஒற்றை வரியால்! ஊராருக்கு அஞ்சி மணம் முடித்துப் பிள்ளை பெற்றவனா? நம்ப முடியவில்லை. வந்திறங்கிய நாளிலேயே வாய் திறந்து சொல்லாமல் ஆறு மாதம் கழித்துச் சொன்னவளா? நம்ப முடியவில்லை. இலண்டன் மாநகரில் அத்தகையோர் கூடும் விடுதிகளின் பெயர் தெரியாதவனா? நிச்சயம் நம்ப முடியவில்லை! உயிருக்கு அஞ்சி இருபது ஆண்டு மறைத்து வைத்ததை இருபது நிமிடத்திலே எடுத்துக் காட்டு என்றால் எங்ஙனம் காட்டுவான்? மறைத்ததிலே வெற்றி பெற்றதே அவன் செய்த குற்றமாகிவிடுகிறது.

‘ஐயா, அருப்புக்கோட்டையிலே நெசவுக்கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருக்கிறோம், குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். இலண்டனிலே எவனோ எதற்கோ சான்று காட்டினால் நமக்கென்ன?’ என்று நீ கேட்பாய். கேள், கேட்க வேண்டிய கேள்விதான். கூலிப் பேச்சை நிறுத்திவிட்டு இதைப் பேசு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ‘சான்று எங்கே?’ என்ற அந்தக் குரலை இந்த வானம் பார்த்த பூமி முன்னமே கேட்டிருக்கிறது. ஒரு முறை அல்ல.

சுக்கிலநத்தம் உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். 1928-ஆம் ஆண்டு அங்கேதான் பெரியார் புரோகிதன் இல்லாத் திருமணம் ஒன்றை நடத்தி வைத்தார். சுயமரியாதைத் திருமணங்களிலே அதுவே முதலாவது என்று இயக்க வரலாறு குறிக்கிறது. தீ வளர்க்கவில்லை, தர்ப்பையில்லை, புரியாத மொழியில் மந்திரமில்லை. இருவரும் ஒப்பினர், ஊரார் கண்டனர், மணம் முடிந்தது. அதன் பின்னர் தமிழகமெங்கும் ஆயிரமாயிரம் இணையர் அவ்வண்ணமே மணந்தனர், மக்களைப் பெற்றனர். பிறகென்ன நடந்தது? 1953-ல் தெய்வானை ஆச்சி வழக்கிலே சென்னை உயர்நீதிமன்றம் கேட்டது: சடங்கு எங்கே? அக்கினி எங்கே? ஏழடி எங்கே? இவை இல்லையேல், வழக்கமாவது நெடுங்காலத்து வழக்கமா? அதுவும் இல்லையேல், இது மணமே அன்று!

எண்ணிப் பார், தோழனே! ஒருவரையொருவர் விரும்பி, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, இன்பதுன்பம் பகிர்ந்துகொண்ட வாழ்வு கண்ணெதிரே நிற்கிறது. அது சான்றாகாதாம், அணைந்து போகும் தீயின் புகைதான் சான்றாம். மனைவி மனைவியல்லள் என்றாயிற்று. மக்கள் மக்களல்லர் என்று வைதிகக் கூட்டம் ஏளனம் பேசிற்று. அந்த இழிவை நம் வீடுகளிலே எத்தனை தாய்மார் தாங்கினர் என்பதை உன் பாட்டியைக் கேட்டால் சொல்லுவாள். 1967-ல் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. அந்தச் சட்டத்தின் கரு என்ன? இருவர் உள்ளம் ஒப்பியதை அவர்கள் வாயால் சொன்னாலே போதும் என்பதுதான். 2023 ஆகஸ்டிலே உச்சநீதிமன்றம் அதனை இன்னும் தெளிவாக்கிற்று. ஊர் கூட்டி அறிவிக்க வேண்டிய தேவையும் இல்லை என்றது. எதிர்ப்புக்கு அஞ்சும் இணையர் ஊரைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது.

இன்னொரு முறை இதே குரல் கடலுக்கு அப்பாலிருந்து கேட்டது. பஞ்சத்தால் விரட்டப்பட்டு இந்த வறண்ட சீமையிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பேரன்மார் உன் ஊரிலும் இருப்பார்கள். தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் அடைத்து வைத்துச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். தோட்டத்திலே அவன் கடனை எழுதிய துண்டு ஒன்று உண்டு; அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு அவன் நகர முடியாது. 1921-ல்தான் அது ஒழிந்தது. தேயிலையை வளர்த்தான்; காட்டை அழித்து நாட்டை ஆக்கினான். 1948-ல் இலங்கை விடுதலை பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. ‘உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?’ என்றார்கள். லயத்திலே பிறந்தவனுக்குச் சான்றிதழ் எழுதி வைத்தவன் யார்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1964-ல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆட்டு மந்தையைப் போலப் பங்கிட்டன. அந்த மந்தையிலே நின்ற எவரையும் எவரும் கேட்கவில்லை.

ஆகவே சொல்கிறேன்: சான்று கேட்பவன் உண்மையை அறிய மட்டும் கேட்பதில்லை, பல வேளைகளில் மறுப்பதற்கு வசதியாகக் கேட்கிறான். அவன் கேட்கும் சான்று எளியவனிடம் இருக்க முடியாத சான்றாகவே பார்த்துக் கேட்கிறான்.

இனி, வெள்ளையன் நடத்திய நாடகத்தைப் பார். 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்திலே 377-ஆம் பிரிவை எழுதியவன் அவன். அதே சரக்கை 1883-ல் இலங்கைத் தண்டனைச் சட்டத்திலும் 365 என்று இறக்கி வைத்தான். ஆப்பிரிக்காவிலும் அவ்வாறே. நம் நாட்டிலே அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்க 2018 செப்டம்பர் 6 வரை ஆயிற்று. இலங்கையிலோ, 1995-ல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவிலே பெண்களையும் சேர்த்தார்கள். சமத்துவம் என்று அதற்குப் பெயர் போலும்! ரோசன்னா பிளேமர்-கல்தேரா என்ற இலங்கைப் பெண்மணி ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2022-ல் அக்குழு, அந்தச் சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று தீர்ப்புரைத்தது.

இவ்வாறு நாடு நாடாகச் சட்டத்தை விதைத்தவனின் வாயிலுக்கு, அந்தச் சட்டத்தின் அறுவடையிலிருந்து தப்பியோடிவந்தவர்கள் போய் நின்றபோது, இங்கிலாந்து என்ன சொல்லிற்று தெரியுமா? ‘திரும்பிப் போ. போய் அடக்கமாக இரு. யாருக்கும் தெரியாமல் இருந்துகொண்டால் உன்னை யார் என்ன செய்யப் போகிறார்கள்?’ என்றது. உயிர் வேண்டுமா, ஒளிந்து வாழ் என்பதே அந்நாளைய அளவுகோல். 2003 டிசம்பரிலேயே ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், வங்காள தேசத்து ஆடவர் இருவரின் வழக்கிலே இந்த வாதத்தைத் தள்ளிற்று. இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம் 2010 ஜூலை 7 அன்றுதான், ஓர் ஈரானியரும் ஒரு காமரூன் நாட்டவரும் தொடுத்த வழக்கிலே அதனைக் கைவிட்டது. சேரியிலே பிறந்தவனிடம் ‘சாதியைச் சொல்லாமல் வாடகைக்கு இருந்துகொள்’ என்று அறிவுரை கூறும் பெரிய மனிதர்களை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா? அதே வகைக் கருணைதான் அது.

ஒளிந்து கொள் என்ற பேச்சு ஓய்ந்தபின், மெய்ப்பித்துக் காட்டு என்ற பேச்சு வலுத்தது. செக் நாட்டிலே உடலிலே கருவி பொருத்திச் சோதித்தார்கள். 2010-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் அமைப்பு அதனைக் கண்டித்தது. நெதர்லாந்திலே புகலிடம் கேட்டவர்களுள் ஒருவர், வேறு வழியின்றித் தம் அந்தரங்கத்தைப் படம் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் நிலைக்கு ஆளானார். 2014 டிசம்பர் 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், மனித மாண்பைக் குலைக்கும் இத்தகைய சான்றுகளைக் கேட்கவும் கூடாது, கொடுத்தால் வாங்கவும் கூடாது என்று தடுத்தது.

அப்போதும் விட்டார்களா? ஹங்கேரி நாட்டிலே நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவனை உளநூல் வல்லுநரிடம் அனுப்பினார்கள். அவர் வைத்த சோதனைகளுள் ஒன்று என்ன தெரியுமா? ‘மழையிலே நிற்கும் மனிதனை வரைந்து காட்டு’ என்பது! அவன் வரைந்தான், அதைப் பார்த்து, இவன் சொல்வது மெய்யென்று உறுதிப்படவில்லை என்று எழுதினார்கள். 2018 ஜனவரி 25 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கூத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. தோழனே, திருச்சுழி உழவனைக் கூப்பிட்டு மழையிலே நிற்கும் மனிதனை வரையச் சொல்லியிருந்தால், அவன் கைகூப்பிச் சிரித்து நிற்கும் மனிதனை வரைந்திருப்பான். அதிலிருந்து அவன் யாரை விரும்புகிறான் என்று எந்த வல்லுநர் கண்டுபிடித்திருப்பார்?

இங்கே ஒரு தமிழரைக் குறிப்பிட வேண்டும். இலங்கையிலே பிறந்து, சிறுவனாகவே பிரிட்டனுக்குச் சென்று, வழக்கறிஞரான எஸ். செல்வன் என்பவர். தாமும் தன்பாலை நேசிப்பவர் என்பதை மறைக்காதவர். புகலிட வழக்குகளிலே பேர் பெற்றவர்; இதே பொருளை ஆய்ந்து இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே முனைவர் பட்டமும் பெற்றவர். படுக்கையறையைப் பற்றிக் கேட்காதே, வாழ்க்கையைப் பற்றிக் கேள் என்று அதிகாரிகளுக்கு வழிகாட்ட முனைந்தார். அதற்கென நான்கு படிகளை வகுத்தார். பிறரினும் தான் வேறென்று உணர்ந்தது எப்போது? அதனால் ஏற்பட்ட இழிவு என்ன? உள்ளத்தில் எழுந்த நாணம் என்ன? நேர்ந்த தீங்கு என்ன? ஆபாசக் கேள்விகள் நிறைந்திருந்த இடத்திலே இது பெருஞ்சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012 அக்டோபரிலே வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இதன் சாயலைக் காணலாம். அந்தத் தமிழரின் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன்.

ஆயினும் மூன்றாவது படியிலே என் கால் நின்றுவிடுகிறது. நாணம்! பின்னர் வந்த ஆய்வாளர்களும் இதனையே சுட்டினார்கள். அவர் துணைக்குத் தந்த ஊன்றுகோலை, அலுவலகங்கள் அளவுகோலாக ஆக்கிக்கொண்டன. அழுதவனை நம்பினார்கள், அழாதவனை ஐயுற்றார்கள். ‘எனக்கு இதிலே வெட்கமில்லை, நான் நேசித்தேன், அவ்வளவுதான்’ என்று நிமிர்ந்து சொன்னவளின் விண்ணப்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். தன்மானம் உடையவனுக்குப் புகலிடம் இல்லை, தன்னையே வெறுப்பவனுக்குத்தான் உண்டு என்றால், அது எப்படிப்பட்ட இரக்கம்? மானமும் அறிவும் மனிதனுக்கு அழகு என்று சொல்லி வளர்ந்த இயக்கத்தவன் நீ. குனிந்தால்தான் கதவு திறக்கும் என்பதை நீ ஒப்புவாயா?

நம் சென்னையிலே நடந்த ஒன்றை இதற்கு எதிரே வைத்துப் பார். மதுரையிலிருந்து இளம்பெண்கள் இருவர், ஒருவரையொருவர் நேசித்த காரணத்தால் வீட்டை விட்டு வெளியேறிச் சென்னை சேர்ந்தனர். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தனர். காவலர் விசாரிக்கத் தொடங்கினர். பெண்கள் பாதுகாப்புக் கோரி உயர்நீதிமன்றம் ஏறினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? அந்தப் பெண்களைப் பார்த்துச் சான்று எங்கே என்று கேட்கவில்லை. தமக்கு இந்தப் பொருள் சரிவரத் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமே ஓர் உளநல வல்லுநரிடம் சென்று அமர்ந்து கேட்டறிந்து, அதன் பின்னரே 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். சோதனைக்கு உட்பட்டது வழக்காடியவர் அல்லர், நீதிபதி! காவலர் இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்றும், ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று கிளம்பும் மருத்துவ மோசடி கூடாது என்றும் அந்த ஆணை சொல்லிற்று. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் காவலர் நடத்தை விதியையே திருத்திற்று. ஐரோப்பா எங்கும் சுற்றி ஆய்வாளர்கள் தேடும் நெறி, பாரிமுனையிலே பிறந்தது!

2025 மே திங்களிலே அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இன்னும் ஓரடி முன்னே வைத்தனர். பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைத் தன் துணையோடு வாழ விடுத்து, மணச் சட்டம் இல்லாவிடினும் அவர்கள் குடும்பமாக வாழலாம் என்றனர். மணவுரிமை மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. 2023 அக்டோபரிலே உச்சநீதிமன்றம் அதனைச் சட்டம் இயற்றும் மன்றங்களின் பக்கம் தள்ளிவிட்டது. 1953-ல் வழக்கு மன்றம் மறுத்ததை 1967-ல் சட்டமன்றம் தந்த கதையை, அருப்புக்கோட்டைக்காரன் எவனும் மறந்திருக்க முடியாது.

திருநங்கையர் செய்தியிலும் இதே போராட்டந்தான். இழிசொல்லை ஒழித்து ‘திருநங்கை’ என்ற சொல்லைக் கலைஞர் தந்தார்; 2008-ல் நலவாரியம் கண்டார். 2014-ல் உச்சநீதிமன்றம், ஒருவரது பால் எது என்பதற்கு அவருடைய சொல்லே போதும், அறுவை தேவையில்லை என்றது. 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வா என்றது. பார்த்தாயா? ஒரு கதவிலே விரட்டிய அடங்கல், மறு கதவிலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திருச்சுழியைப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1879-ல் அவ்வூரிலே பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், 1896-ல், 16 வயதிலே, மதுரை வீட்டை விட்டு ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டு வெளியேறினான். திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனான். பிறந்த வீட்டை இன்றும் போய்த் தொழுகிறார்கள். கடவுளுக்காக வீட்டை விட்டுப் போனால் ஞானி! காதலுக்காகப் போனால் காவல் நிலையத்திலே ‘காணவில்லை’! நம்பிக்கை வேறுபாட்டால் நான் மகரிஷியைத் தொழுவதில்லை. ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஊர் காட்டிய பெருந்தன்மையிலே பத்திலொரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்கும் காட்டலாகாதா என்று கேட்கிறேன்.

இனி, நம் வாசலிலேயே உள்ள அகதியைப் பார்ப்போம். குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் ஈழத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983-க்குப் பின் அலை அலையாக வந்தவர்கள். இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்கள். 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டம் அறிவித்தது தமிழ்நாடு அரசு. பாராட்டுக்குரியதே. ஆனால் 1951-ன் அகதிகள் உடன்படிக்கையிலே இந்திய ஒன்றியம் இன்றளவும் கையொப்பமிடவில்லை. 1946-ன் அயல்நாட்டவர் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்தது. அகதி என்பவனுக்கு உரிமை தரும் பிரிவு அதிலும் இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தத்திலே ஈழத் தமிழருக்கு இடம் வைக்கவில்லை. அப்படியிருக்க, அந்த முகாமிலே ஓர் இளைஞன் தன் நெஞ்சத்தை உணர்ந்துகொண்டால் எங்கே போவான்? சுவர் மெல்லியது; வீடுகள் நெருக்கம்; அனைவரும் உறவினர். வெளியூரிலே தங்கப் புறப்பட்டால் ஆள்கணக்கிலே பெயர் அடிபடும். உள்ளூர் இளைஞன் சென்னைக்காவது ஓடுவான். இவன் ஓடவும் தாள் வேண்டும். ஒரே மனிதன் இரு முறை அகதியாகலாம். 1994-ல் ஷியாம் செல்வதுரை எழுதிய ‘ஃபன்னி பாய்’ என்ற புதினம் காட்டுவது அதைத்தான்: கொழும்புத் தமிழ்ச் சிறுவன் வீட்டுக்குள்ளே தன் இயல்பால் அயலானாகிறான்; 1983-ன் தீயிலே நாட்டுக்கே அயலானாகிறான்.

அவன் எப்படியோ கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்ச் சேர்ந்தான் என்றே வைத்துக்கொள்வோம். விசாரணை அறையிலே அதிகாரிக்கும் அவனுக்கும் நடுவே அமர்பவர் யார்? தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். புகலிட ஆய்வுகளிலே பல நாட்டு அகதிகளும் சொல்லிவரும் அச்சம் இங்கேதான் பிறக்கிறது. அதிகாரியைக் கண்டு அஞ்சுவதினும், தன் மொழி பேசும் அந்த ஆளைக் கண்டு அவன் அதிகம் அஞ்சுகிறான். இவர் எந்த ஊர்? யாருக்கு உறவு? இன்று மாலை தொலைபேசியிலே யாரிடம் சொல்வார்? வாய் குழறுகிறது, குழறியதை அதிகாரி ‘முரண்பாடு’ என்று குறித்துக்கொள்கிறான். அது போகட்டும், மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லை எடுப்பார்? தெருவிலே வசையாக வழங்கும் சொல்லைத் தவிர வேறொன்றும் அவர் அறியாதவராயின்? தன் உள்ளத்தைத் தன் தாய்மொழியிலே சொல்லப் புகுந்தவனுக்கு, அந்தத் தாய்மொழியே ஒரு வசைச்சொல்லை எடுத்து நீட்டினால்?

மொழிக்காகச் சிறை புகுந்தவர்கள் நாம். இந்தக் குறை நம் குறை. 2022-ல் நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழ்நாடு அரசு மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அது அரசிதழிலே இருக்கிறது. நம் நாவிலே இருக்கிறதா? ஒளிவின்றிச் சொல்கிறேன், தோழனே: எதிர்க்கட்சிக்காரனைச் சாட வேண்டுமென்றால் ‘ஆண்மையற்றவன்’ என்று நம் மேடைகளிலே முழங்குகிறார்கள்; கூட்டம் கைதட்டுகிறது. பேச்சாளர் இடுப்பை வளைத்து ஒரு நடை நடந்து காட்டினால் சிரிப்பு வானைப் பிளக்கிறது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையிலே, கொடி பிடித்து வந்த நம் இளைஞன் ஒருவன் சிரிக்காமல் நின்றுகொண்டிருக்கக் கூடும். அவனும் அடுத்த கூட்டத்திலே சிரிக்கக் கற்றுக்கொள்வான். அப்படித்தான் மறைக்கப் பழகுகிறார்கள்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். பட்டம் பெறுவதற்காகக் கேட்கப்படும் கேள்வியும் கேள்விதான். அதிகாரியிடம் சொன்ன துயரத்தையே ஒலிப்பதிவுக் கருவியின் முன் மறுபடியும் சொல்ல வேண்டியவன் அந்த அகதி. நூல் அச்சாகும், பட்டம் கிடைக்கும், அவன் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். நல்ல ஆய்வாளர்கள் இதனை உணர்ந்து வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்துக்கு மட்டும் நான் எதிரியல்லன். ஆனால் இந்த ஆய்வுகள் ஏன் ஆங்கிலத்திலேயே முடிந்துபோக வேண்டும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே, தமிழிலே, வீட்டை விட்டு ஓடியவர்களின் வாழ்வையும் முகாமிலே அடங்கிக் கிடப்பவர்களின் வாழ்வையும், அவர்கள் விரும்பிச் சொல்லும் அளவுக்குக் கேட்டு எழுதும் மாணவர் வர வேண்டும். அவ்வாறு வந்தால், தகவல் தரவில்லையென்று யாரையும் நச்சரிக்காத பொறுமையும் அவருக்கு வேண்டும்.

மாவட்டத் தோழர்கள் தீர்மானங்கள் எழுதும் நாள் வருகிறது. அகதிகளுக்கென்று ஒன்றியச் சட்டம் ஒன்று வேண்டும் என்பதையும், அதிலே பால்புதுமையினர் புகலிடம் கேட்டால் அவர் வாய்மொழியே தொடக்கச் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதையும், சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின் கதவை இன்னும் அகலத் திறக்க வேண்டும் என்பதையும் நெசவுக்கூலித் தீர்மானத்துக்குப் பின்னாலேயாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் பேசுபவர் இருப்பின் பேசட்டும்; சுக்கிலநத்தத்துத் திருமணத்தையும் எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள்.

மல்லாங்கிணற்றிலே பொதுக்கூட்டம் போட்டால், பேச்சாளர் வரிசையிலே முகாமிலிருந்து ஒருவருக்கும் இடம் ஒதுக்குங்கள். என்ன பேசப் போகிறார் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டா.